கணப்பு அடுப்பின் செலவு: குழாயையும் கூரையையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலைவீடுகளில் அறையைச் சூடாக்கும் விறகுக் கணப்பு அடுப்பு வைக்க ஆகும் செலவு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை அடுப்பின் விலையோடு நின்றுவிட்டது. நீலகிரியில் இந்த வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும், பணம் போகிற இடம் புகைக்குழாயும் அது கூரையைத் தாண்டும் ஓட்டையும்தான் என்பார்கள். கை இறுகும்போது எல்லோரும் மிச்சம் பிடிப்பதும் அங்கேதான். அது உயிருக்கே உலை வைக்கும் மிச்சம் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அளவு. 12க்கு 15 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 51 கன மீட்டர். 14 கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது பொதுக் கணக்கு. நான்கு கிலோவாட் அடுப்பு போதும்; தகரக் கூரைக்கு அடியில் பலகை மச்சு இல்லாத வீட்டுக்கு ஐந்து, ஆறு ஆகலாம். கடைக்காரர் பத்து கிலோவாட் காட்டினால் வாங்காதீர்கள். சூடு தாங்காமல் காற்றுத் திறப்பை மூடி வைப்பீர்கள், விறகு எரியாமல் புழுங்கும், குழாயெல்லாம் தார் படியும்.

இறக்குமதி வார்ப்பிரும்பு அடுப்பு லட்சத்தைத் தாண்டும். உள்ளூர்ப் பட்டறையிலும் நல்ல அடுப்பு செய்ய முடியும். 5 மி.மீ. தகடு, உள்ளே தீச்செங்கல், புகை நேராக மேலே ஓடாமல் தடுக்கும் குறுக்குத் தகடு, கதவைச் சுற்றி வெப்பம் தாங்கும் கயிறு ஆகியவை கட்டாயம். கதவில் வைக்க வேண்டியது செராமிக் கண்ணாடி. ‘டஃபன்’ கண்ணாடி விலை குறைவு என்று போட்டால் ஒருநாள் நொறுங்கிக் கொட்டும்.

இனி குழாய். கடல்மட்டத்துக்கான கையேடுகள் அடுப்பின் தலையிலிருந்து 15 அடி போதும் என்கின்றன. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு, அதற்கேற்பப் புகை இழுக்கும் வேகமும் குறைவு. 18 அடிக்குக் குறையக் கூடாது. விட்டம் 6 அங்குலம். வளைவே இல்லாவிட்டால் நல்லது. வேண்டுமென்றால் 45 பாகையில் இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். 90 பாகை எல்போ போட்ட இடத்தில் கரி அடைத்து, புகை அறைக்குள் திரும்பும்.

ஜி.ஐ. குழாய் போடவே கூடாது. சூட்டில் துத்தநாகப் பூச்சு போய்விடும், பிறகு புகையின் அமிலநீர் அரித்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய் சூட்டில் வெடிக்கும். சமையலறைச் சிம்னிக்குப் போடும் அலுமினியக் குழாய் 660 டிகிரியில் உருகும். குழாய்க்குள் படிந்த தார் தீப்பிடித்தால் வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். எஸ்.எஸ். 304 என்னும் துருப்பிடிக்காத ஸ்டீல்தான் சரி. மச்சையும் கூரையையும் தாண்டும் பகுதியும் வெளியே நிற்கும் பகுதியும் இரட்டைச் சுவராக, நடுவில் ஓர் அங்குலம் செராமிக் கம்பளியோடு இருக்க வேண்டும். அறைக்குள் ஒற்றைக் குழாய் போதும், ஆனால் மரத்திலிருந்து 18 அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். இரட்டைக் குழாய்க்கு 2 அங்குலம்.

விலைப்புள்ளி நியாயமா என்று பார்க்க எளிய வழி எடைதான். 1 மி.மீ. தகட்டில் 6 அங்குலக் குழாய் அடிக்கு 1.2 கிலோ, 0.6 மி.மீ. தகட்டில் 8 அங்குல வெளிக்குழாய் அடிக்கு 0.9 கிலோ. மொத்தம் 18 அடியில் 12 அடி இரட்டை என்றால் சுமார் 32 கிலோ, வெட்டுக்கழிவு தனி. அன்றைய கிலோ விலையில் பெருக்கி, கூலியைச் சேர்த்துப் பாருங்கள். குழாய் என்று ஒரே வரியில் தொகை போட்டுத் தருபவரிடம் தரம், தகட்டுக் கனம், அடிக்கணக்கு மூன்றையும் எழுதி வாங்குங்கள். மலிவான 202 தர ஸ்டீலை 304 என்று விற்பது சாதாரணம். காந்தம் இரண்டிலுமே ஒட்டாது; ஸ்டீல் கடையில் ரசாயனச் சொட்டு விட்டுத்தான் பிரித்தறிய முடியும்.

மாட்டும் முறையிலும் ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது. உள்குழாயில் மேல்துண்டின் வாய் கீழ்த்துண்டுக்குள் இறங்க வேண்டும், அப்போதுதான் வழியும் தார் உள்ளேயே ஓடி அடுப்பில் எரியும். தலைகீழாக மாட்டினால் ஒவ்வொரு மூட்டிலும் கறுப்புக் கோடு வழியும். வெளிக்குழாய்க்கு இதற்கு நேர்மாறு, மழைநீர் உள்ளே போகக் கூடாதல்லவா!

கான்கிரீட் தளமென்றால் சுத்தியலால் உடைக்காமல், எந்திரத்தால் வட்டமாகத் துளைக்கும் கோர் கட்டிங் செய்யுங்கள். உடைத்த இடம் தென்மேற்குப் பருவமழையிலேயே ஒழுகும். குழாயைச் சிமென்ட் பூசி இறுக்கவும் கூடாது. 18 அடிக் குழாய் சூட்டில் முக்கால் அங்குலம் வரை நீளும். ஓட்டையில் உறை பதித்து, அதற்குள் குழாய் நகரும்படி விட்டு, மேலே மழைநீர் இறங்காமல் தடுக்கும் மழைப்பட்டை கட்ட வேண்டும். ஓட்டு வீட்டில் கைமரம் குறுக்கே வந்தால் மரத்தை அறுக்காமல் அடுப்பைத் தள்ளி வையுங்கள்.

கூரையைத் துளைத்த இடத்திலிருந்து 3 அடியும், சுற்றிலும் 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடியும் குழாய் உயர்ந்திருக்க வேண்டும். நம் வீடுகள் படிப்படியாகச் சரிவில் நிற்பதால் இந்த விதி இங்கே அடிக்கடி இடிக்கிறது. மேல்தட்டின் தடுப்புச்சுவர் அருகிலிருந்தால் காற்று அதில் மோதிக் கீழே அழுத்தும். மேல்வீட்டு ஜன்னல் உங்கள் குழாயின் வாய்க்கு நேராக இருந்தால், அந்த வீட்டுக் குழந்தைகளுக்குத்தான் இருமல். இடம் குறிக்கும் முன்பே அவர்களிடம் பேசிவிடுங்கள்.

பழைய பங்களாவில் ஏற்கெனவே சிம்னி இருக்கிறது, செலவில்லை என்று நினைப்பதும் தவறு. சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த அந்த அகலச் சிம்னியில் மூடிய அடுப்பின் புகை குளிர்ந்து தாராகிறது. உள்ளே 6 அங்குல 316 ஸ்டீல் வளைகுழாய் இறக்கியே ஆக வேண்டும்.

ஜன்னலெல்லாம் இறுக்கிய புது வீட்டில் சுவரில் 4 அங்குலக் காற்றுத்துளை வையுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரமும் வாங்குங்கள். மணமோ நிறமோ இல்லாத வாயு அது. மூக்கை நம்ப முடியாது.

ஓட்டும் செலவைப் பார்ப்போம். 2 கிலோவாட் மின்ஹீட்டர் தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். இலவச யூனிட் போக மீதிக்குக் காசு கட்ட வேண்டும். 5 கிலோவாட் கணப்பை அதே ஐந்து மணி நேரம் முழுவீச்சில் எரித்தால் 9 கிலோ காய்ந்த விறகு போகும், குளிர்காலம் நான்கு மாதத்துக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேல். பச்சை விறகை எடை போட்டு வாங்கினால் அதில் பாதி தண்ணீர். 20 சதவீத ஈரத்துக்குக் காய்ந்தபின் ஒரு டன் 625 கிலோவாகிவிடும், அதனால் சுமார் 650 கிலோ கூடுதலாக வாங்க வேண்டும். சீகை (வாட்டில்) விறகும் கற்பூரமர (யூகலிப்டஸ்) விறகும் நன்றாக எரியும், ஆனால் இங்குள்ள மூடுபனியில் பிளந்து, தகரக் கொட்டகையில் பக்கம் திறந்து அடுக்கி ஒரு வருடம் வைக்க வேண்டும். சொந்தப் பட்டா நிலத்து மரமே ஆனாலும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கித்தான் வெட்டலாம்.

ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும், முதல் தீ மூட்டும் முன் குழாயைத் துலக்க வேண்டும். அதற்காக, அடிப்பக்கம் திறப்பு வைத்த ‘T’ வடிவ மூட்டு ஒன்றைத் தொடக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். பின்னால் போடுவதென்றால் மொத்தக் குழாயையும் கழற்ற வேண்டிவரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோத்தகிரி