சாவி கைமாறும் நாளின் ரீடிங்கை எழுதிக்கொள்ளுங்கள்

குடிநீர் வழங்கும் அலுவலகங்களை நடத்துகிறவர்களுக்கும், அங்கே பில் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

நாங்கள் இந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்த 19ஆம் நாள் காலையில் ரீடிங் எடுக்க ஒருவர் வந்தார். வாசலோரம் தரையோடு தரையாக இருந்த இரும்பு மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் தூக்கினார். உள்ளே பாதிக்குழி சேறு. கையை விட்டு வழித்துப் போட்டுவிட்டு, மீட்டர் கண்ணாடியைக் கட்டைவிரலால் தேய்த்தார். கண்ணாடிக்கு உட்புறம் ஈரம் கோத்திருந்ததால் இரண்டு மூன்று தடவை சாய்ந்து பார்த்துத்தான் எண்ணைப் படிக்க முடிந்தது. "1286" என்று சொல்லிக்கொண்டே கருவியில் தட்டினார். சின்னத் தாள் ஒன்று நீண்டு வந்தது. 47 யூனிட்.

ஒரு யூனிட் என்பது ஒரு கன மீட்டர், 1,000 லிட்டர். வந்து மூன்று வாரம்கூட ஆகாத மூன்று பேர் 47,000 லிட்டர் தண்ணீரை எங்கே கொண்டுபோய்க் கொட்டியிருப்போம்? அவரிடமே கேட்டேன். பில்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "போன ரெண்டு தடவை வீடு பூட்டியிருந்திருக்குங்க. சராசரி போட்டிருக்காங்க" என்றார். அதாவது அதற்கு முந்தைய இரண்டு பில்களும், பில்லுக்கு 8 யூனிட் என்று உத்தேசமாகப் போட்டவை. மீட்டரில் உண்மையில் ஓடியது அதைவிட மிக அதிகம். அந்த மிச்சமெல்லாம் சேர்ந்து, கதவைத் திறந்துவிட்ட எங்கள் தலையில் விழுந்தது.

இந்த மடலை எழுதுவது அந்தப் பணத்துக்காக மட்டும் இல்லை. வீடு மாறும் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் ஏதோ ஒரு வடிவத்தில் வருகிறது. இதைத் தீர்க்கத் தேவையானதோ ஒரே ஓர் எண்தான். பழைய குடித்தனக்காரர் சாவியைக் கொடுத்து, புதியவர் வாங்கிக்கொள்ளும் அந்த நாளில் மீட்டர் என்ன காட்டியது என்கிற எண். அதைப் பதிந்துகொள்ள உங்கள் முறையில் ஓர் இடம் வேண்டும். நான் கேட்பதெல்லாம் இதையொட்டித்தான்.

பில்லை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் பொறுமையாகவே கேட்டார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. "பாருங்கம்மா, நாங்க இணைப்புக்குத்தான் பில் போடுறோம், ஆளுக்கு இல்ல. நீங்க எந்தத் தேதியில வந்தீங்கன்னு எழுத இந்தத் திரையில இடமே இல்லை" என்றார். வேண்டுமானால் மீட்டரைச் சோதனைக்கு எழுதிக் கொடுங்கள் என்றும் சொன்னார். சோதித்து என்ன ஆகப் போகிறது? ஐ.எஸ்.ஓ. 4064 என்ற உலகத் தர அளவின்படி, புது மீட்டர் வழக்கமான ஓட்டத்தில் 2 சதவீதமும், மிகக் குறைந்த ஓட்டத்தில் 5 சதவீதமும் கூடவோ குறையவோ காட்டலாம். நான் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. மீட்டர் சரியாகத்தான் ஓடியது. எந்தத் தேதி வரை ஓடியது யாருக்காக என்பதுதான் என் கேள்வி.

அன்று ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு மீட்டர் குழிக்குப் போனேன். எல்லாக் குழாயையும் மூடியிருந்தேன். ஆனாலும் முகப்பில் இருக்கும் அந்தச் சின்ன நட்சத்திரச் சக்கரம் நிற்காமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் ஒரு லிட்டர். கழிவறைத் தொட்டியின் வால்வு சரியாக மூடாமல், சத்தமே இல்லாமல் பீங்கானை ஒட்டித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 144 லிட்டர். மறுநாளே வால்வை மாற்றினோம். அப்புறம் ஒரு வாரம் அளந்ததில் எங்கள் செலவு 3.1 யூனிட், நாளைக்குச் சுமார் 443 லிட்டர். ஒழுகலையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் 19 நாளில் எங்களுக்கு 11 யூனிட்தான் வருகிறது. மீதி 36 யூனிட் நாங்கள் வருவதற்கு முன்பே ஓடியது.

எங்களுக்கு முன் இந்த வீட்டில் இருந்தவர் ஒரு வயதான அம்மா. மகன் வீட்டோடு போய்விட்டார். வீட்டுக்காரரிடம் நம்பர் வாங்கிப் பேசினேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "நான் பாக்கி வச்சுட்டு வந்தவ இல்லம்மா, வந்த பில் எல்லாத்தையும் கட்டிட்டுத்தான் வந்தேன்" என்றார். குரல் கம்மிவிட்டது. அவர் சொன்னது முழுக்க உண்மை. வந்த பில்லையெல்லாம் அவர் கட்டியிருந்தார். பில்தான் உண்மையாக வரவில்லை. உத்தேசக் கணக்கு இல்லாமல் யாராவது ஒரு தடவை எண்ணைப் பார்த்திருந்தால், செலவு ஏறுவது தெரிந்து அந்த ஒழுகலையும் அப்போதே கண்டுபிடித்திருக்கலாம். இந்த மூன்று பில்களுக்கான ஆறு மாதத்தின் தொடக்கத்திலிருந்தே அது ஒழுகியிருந்தால், எங்கள் 19 நாள் போக அவர் காலத்து 161 நாளில் 23 யூனிட் வெறுமனே சாக்கடைக்குப் போயிருக்கும். அந்த அம்மாவுக்கோ எங்களுக்கோ அது போய்ச் சேரவில்லை.

பங்கு பிரித்துக் கட்டிவிடலாம் என்று இரண்டு பேரும் பேசினோம். அதிலும் நியாயம் கிடைக்காது என்பது பிறகுதான் புரிந்தது. இங்கே பில்லுக்கு முதல் 20 யூனிட் வரை குறைந்த விலை, அதற்கு மேல் போனால் மேல் ஸ்லாப் விலை. இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்று ஆறு மாதத்தில் ஓடிய மொத்தம் 63 யூனிட். ஒழுங்காக ரீடிங் எடுத்திருந்தால் சுமார் 21, 21, 21 என்று வந்திருக்கும். பில்லுக்கு ஒரு யூனிட் வீதம் மூன்று யூனிட் மட்டும் மேல் ஸ்லாபில் போயிருக்கும். ஆனால் நீங்கள் போட்டது 8, 8, 47. முதல் இரண்டு பில்களிலும் மலிவு விலைக்கான அளவில் பாதிக்கு மேல் பயன்படாமலே போனது. மூன்றாவதில் 27 யூனிட் மேல் ஸ்லாப் விலைக்குப் போனது. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட அதிகம் ஓடவில்லை. ரீடிங் தள்ளிப்போன ஒரே காரணத்தால் 24 யூனிட்டுக்குக் கூடுதல் விலை. இந்தக் கூடுதல் அந்த அம்மாவின் கடன் இல்லை, என் கடனும் இல்லை. ஆனால் இரண்டு பேரில் ஒருவர்தான் கட்டியாக வேண்டும்.

ஆகையால் உத்தேச பில்லுக்குப் பிறகு உண்மையான ரீடிங் கிடைத்தால், அந்த யூனிட்டுகளை ஓடிய நாட்களுக்குப் பரப்பி ஸ்லாபைக் கணக்கிடுங்கள். கணினிக்கு இது ஒரு நொடி வேலை. பில்லிலும் "இது உத்தேசக் கணக்கு" என்று கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் போடுங்கள். எங்கள் பில்லில் அது ஓர் ஓரத்தில் ஒற்றை எழுத்துக் குறியீடாக இருந்தது. அந்த அம்மா அதைக் கவனிக்கவே இல்லை, நானும் ரீடிங் எடுப்பவர் காட்டிய பிறகுதான் பார்த்தேன்.

இனி, சாவி கைமாறும் நாள். காலி செய்கிறவரும் குடிவருகிறவரும் மீட்டருக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுக்கட்டும். முகப்பில் இருக்கும் எண்ணும், உடம்பில் பொறித்திருக்கும் மீட்டர் வரிசை எண்ணும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். கறுப்பு எண்கள் கன மீட்டர், சிவப்பு எண்கள் அதற்குக் கீழான லிட்டர்க் கணக்கு என்று இரண்டு வரியில் சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் படிக்கத் தெரிந்துவிடும். அந்தப் படத்தை இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு அனுப்பினால், அந்த எண்ணோடு ஒருவர் கணக்கை முடித்து, அதே எண்ணில் இன்னொருவர் கணக்கைத் தொடங்குங்கள். எங்கள் விஷயத்தில் அந்த எண் 1275 ஆக இருந்திருக்கும். அது யார் கையிலும் இல்லாததால்தான் இத்தனை அலைச்சல்.

பொய் எண் கொடுத்துவிட மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். யோசித்துப் பாருங்கள். போகிறவருக்கு எண் குறைவாக இருந்தால் லாபம். வருகிறவருக்கு அதே எண் அதிகமாக இருந்தால் லாபம். எதிரெதிர்ப் பக்கம் நிற்கிற இருவர் ஒரே எண்ணுக்குச் சம்மதிக்கிறார்கள் என்றால், அதைவிட நம்பகமான சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. மீட்டரும் பின்னோக்கிப் போய் அந்தப் பொய்யைக் காப்பாற்றப் போவதில்லை, அடுத்த ரீடிங்கில் வித்தியாசம் வெளியே வந்துவிடும். ரேடியோ வழியாகத் தானாக ரீடிங் அனுப்பும் மீட்டர் உள்ள வீடுகளுக்கு இவ்வளவுகூட வேண்டாம், தேதியைச் சொன்னால் போதும்.

வரிசை எண்ணைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஏழெட்டு மீட்டர்கள் ஒரே சுவரில் வரிசையாக இருக்கும். எது எந்த வீட்டுக்கு என்பது மாறிப்போய், வருடக்கணக்கில் பக்கத்து வீட்டுப் பில்லைக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குடிவரும் அன்றே வீட்டுக்கான வால்வை மூடி, எந்த வீட்டுக் குழாய் நிற்கிறது, எந்த மீட்டர் நிற்கிறது என்று பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

பழைய நிலுவை பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு இருந்தவர் பாக்கி வைத்திருந்தால், அதைத் தீர்க்கும் வரை பெயர் மாற்றம் இல்லை, இணைப்பைத் துண்டிப்போம் என்று வருகிறவரிடம் சொல்வது பல இடங்களில் நடக்கிறது. குழாய் ஒன்றுதான், குடிக்கிறவர் வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999ஆம் ஆண்டுச் சட்டம், கட்டணம் கட்டாததற்காக வீடுகளின் குடிநீரைத் துண்டிப்பதையே தடை செய்தது. சுத்தமான குடிநீர் மனித உரிமை என்று 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. பாக்கி வைத்தவருக்கே இந்தப் பாதுகாப்பு உண்டென்றால், வைக்காதவருக்கு எவ்வளவு வேண்டும்? நிலுவையை வைத்தவர் பெயரிலேயே வையுங்கள், அவர் கட்டிய டெபாசிட்டில் கழியுங்கள். பாக்கி இல்லாதவருக்கு டெபாசிட்டைத் திருப்பித் தர ஒரு காலக்கெடு வையுங்கள். அந்த அம்மாவின் டெபாசிட் இன்னும் வரவில்லை.

எங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. காலி செய்யும் தேதியை முன்கூட்டியே உங்களிடம் சொல்ல வேண்டும், மீட்டர் குழியை மண்ணடையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். சொல்லாமல் போனால் அதன் விளைவு எங்களைச் சேர்ந்தது, சரி. ஆனால் அந்த விளைவுக்கும் ஓர் எல்லை வேண்டும். இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டுக் குடிநீர்ச் சட்டத்தில் அந்த எல்லையை எழுதியே வைத்திருக்கிறார்கள். இரண்டு வேலை நாளுக்கு முன் சொல்லாமல் போனவரின் பொறுப்பு, அவர் தகவல் சொன்னதிலிருந்து 28ஆம் நாள், வழக்கமான அடுத்த ரீடிங் நாள், புதியவர் வந்து பதிந்த நாள், இவற்றில் எது முந்துகிறதோ அதோடு முடிகிறது. எங்கே முடிகிறது என்று தெரிந்தால் யாரும் பயப்பட மாட்டார்கள்.

தண்ணீர் நின்றுவிடக் கூடாது என்பதற்காக 47 யூனிட்டுக்கும் நானே கட்டினேன். அடுத்த மாதம் அந்த அம்மா தன் பங்கு என்று ஒரு தொகை அனுப்பினார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. மேல் ஸ்லாப் விலையில் கணக்குப் போட்டுத்தான் அனுப்பியிருந்தார்.

இந்த வீட்டை நாங்களும் ஒருநாள் காலி செய்வோம். அன்றைக்கு மீட்டர் கண்ணாடியைத் துடைத்து, புதிதாக வருகிறவரையும் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து உங்கள் கவுண்டருக்குக் கொண்டுவருவேன். அதற்குள் அந்தத் திரையில் தேதிக்கு ஒன்றும் ரீடிங்குக்கு ஒன்றுமாக இரண்டு கட்டங்களைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குடிநீர் இணைப்பில் இப்போது குடியிருக்கும் ஒருத்தி