சைக்கிள் மாமாவைப் பார்த்தேன்

கல்கண்டார்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. வாட்ஸ்அப்பில் ஒற்றை விரலால் தட்டுவதற்குள் சொல்ல வந்தது பாதி மறந்துவிடுகிறது. அம்மா அனுப்பும் நார்த்தங்காய் பார்சலுக்குள் இதை வைக்கிறேன், எண்ணெய் பட்டிருந்தால் அவளைக் கேள்.

போர் மோட்டார் மறுபடியும் போய்விட்டது. சின்ன அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம் நன்றாக நடந்தது, நீ வராததை நாலு பேர் கேட்டார்கள். குட்டிக்கு இருமல் நின்றதா? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

நீ என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. அம்மாவோடு பேசுகிறாய், தெரியும். போன் என் கைக்கு வந்ததும் "மீட்டிங்ப்பா, அப்புறம் கூப்பிடறேன்". சரி, நாற்பது பேரை வைத்து வேலை வாங்குவது என்றால் சும்மாவா. பென்ஷனர் சங்கத்தில் இப்போதும் உன் பேச்சுத்தான், அவர்களுக்கே சலித்துப்போயிருக்கும்.

ஒரு விஷயம், எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள். உன் கீழே வேலை செய்கிறவர்கள் பெயர் போடாமல் உனக்கு மார்க் போட்டார்களாம். நிறையப் பேர் "சொல்வதைக் கேட்பதில்லை" என்று எழுதியிருந்தார்களாம். காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று உன்னை இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்புகிறார்களாம். அம்மாவைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். "எனக்குக் காது கேக்கலன்னு ஸ்கூலுக்கு அனுப்பறாங்கம்மா" என்று நீ சிரித்தாயாம். போனை வைத்த பிறகு, பாப்பா குரல் சரியில்லை என்று இரண்டு தடவை சொன்னாள்.

எனக்கு முதலில் கோபம் வந்தது, உன் மேல் இல்லை, அவர்கள் மேல். ராத்திரி பதினோரு மணிவரை அவர்கள் தப்பைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நீ. மூஞ்சிக்கு நேரே சொல்ல வேண்டியதுதானே, எதற்குப் பெயர் போடாமல் எழுதுவது என்று திட்டினேன். மூஞ்சிக்கு நேரே ஏன் சொல்லவில்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

மாட்டுப் பொங்கல் அன்றைக்கு மொட்டை மாடியில் நீ ஆபீஸ் கால் பேசினாய். நான் வத்தலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பையன் என்னவோ ஆரம்பித்தான். நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு லேப்டாப்பில் வேறு எதையோ அடித்துக்கொண்டே "சொல்லு, கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றாய். அவன் "அதுல ஒரு சிக்கல் மேடம்" என்று வாயெடுத்தான். "கதை வேண்டாம், தேதி சொல்லு" என்றாய். அவன் கொஞ்சம் நிறுத்தி ஒரு தேதி சொன்னான். அந்தத் தேதியில் அவனுக்கே நம்பிக்கை இல்லை என்பது பத்தடி தள்ளி நின்ற எனக்குக் கேட்டது பாப்பா, உனக்குக் கேட்கவில்லை. கடைசியில் "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்றாய். எல்லாரும் புரிஞ்சுது மேடம் என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்?

நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தபோது, பிரைவேட் நம்பர் ஷீட்டில் கொடுத்த எண்ணை ஒவ்வொன்றாக அடித்துவிடுவதை என் மடியில் உட்கார்ந்து பார்த்தவள் நீ, உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேட் கீப்பர் போனில் "மூடிட்டேன் சார்" என்றால் நான் வண்டியை விட்டேனா? அவன் ஷீட்டிலிருந்து ஒரு நம்பர் வரவேண்டும், நான் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும், அவன் ஆமாம் என்கவேண்டும், நேரத்தோடு ரிஜிஸ்டரில் ஏறவேண்டும். பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் என் கல்யாணத்துக்கு வந்தவன், இருந்தாலும் வண்டியை அனுப்பலாம் என்கிற லைன் க்ளியருக்கு நம்பர் வாங்காமல் விட்டதில்லை. தூக்கக் கலக்கத்தில் மனிதன் எதற்கும் சரி சரி என்பான். நீ கேட்கிற "புரிஞ்சுதா" நம்பர் வாங்காமல் வண்டி விடுகிற மாதிரி. "நீ முதல்ல என்ன செய்யப்போறே, எனக்குச் சொல்லு" என்று கேட்டுப் பார். அவன் சொல்லும்போது தெரியும், அவன் புரிந்துகொண்டது ஒன்று, நீ சொன்னது ஒன்று. அதேபோல அவன் ஒரு சிக்கலைச் சொன்னால் "நீ சொல்றது இதுதானே" என்று உன் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொல். அதற்கு முதலில் லேப்டாப்பை மூடவேண்டும்.

திருச்சி ட்ரெய்னிங் ஸ்கூலில் ரெஃப்ரெஷர் வகுப்புக்குப் போகும்போதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் தூங்குவோம். ஒரு வாத்தியார் எங்களை எழுப்புவதற்கென்றே ஒரு விமான விபத்தைச் சொன்னார். 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவு. மூடுபனி, ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். ஒன்று கேஎல்எம் கம்பெனியுடையது, இன்னொன்று பான் அமெரிக்கன் கம்பெனியுடையது. கேஎல்எம் கேப்டன் சாதாரண ஆளில்லை, மற்ற பைலட்டுகளுக்கே பயிற்சி கொடுக்கிறவர், கம்பெனி விளம்பரத்தில் அவர் படம்தான். பனியில் எதிரே எதுவும் தெரியவில்லை. கிளம்ப அனுமதி வராமலே அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். ரேடியோவில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசியதில் முக்கியமான வார்த்தைகள் கரகரப்பில் போய்விட்டன. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த ஃபிளைட் இன்ஜினியர் காதில் ஏதோ விழுந்திருக்கிறது, அந்த பான் அமெரிக்கன் இன்னும் ஓடுபாதையை விட்டுப் போகவில்லையோ என்று கேட்டான். போய்விட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். அவன் அதற்கு மேல் பேசவில்லை. 583 பேர். அதற்கப்புறம் கேப்டன்களுக்குக் காது கொடுக்கவும், கீழே இருப்பவர்களுக்கு வாய்திறந்து சொல்லவும் உலகம் முழுக்க பயிற்சி வைத்தார்களாம். ஆக அந்த மாதிரி வகுப்புக்குப் போவது குறைச்சல் இல்லை, ஜம்போ கேப்டன்களே போகிறார்கள், நீயும் போ. கடைசி பெஞ்சில் லேப்டாப்போடு உட்காராதே.

யாராவது கெட்ட செய்தி கொண்டுவந்தால் முதல் வார்த்தை "ஏன்" என்று வரக்கூடாது. "நல்லவேளை சொன்னே" என்று வரவேண்டும். திட்ட வேண்டுமானால் மறுநாள் திட்டு, தனியாகக் கூப்பிட்டுத் திட்டு. அப்புறம் அந்த லேப்டாப். சொல்லிவிட்டேன், இல்லையா?

அந்தக் காலின் நடுவே நான் உனக்குக் காபி கொண்டுவந்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்க வாயைத் திறந்தேன். நீ தலையைத் திருப்பாமல் இடது கையை மட்டும் உயர்த்தி என்னை நிறுத்தினாய். எனக்குக் கோபமில்லை. டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுக் கீழே வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கையை நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். அது என் கை.

சைக்கிள் மாமாவை ஞாபகம் இருக்கிறதா, நம்ம ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். உன்னை முன் பாரில் உட்கார வைத்து, கேட் தாண்டி ஸ்கூலில் விட்டவர். நீ மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் ஒரு சரக்கு வண்டி நம் ஸ்டேஷனில் நிற்காமல் போனது. வண்டியில் ஏதாவது கோளாறு தெரிகிறதா என்று நான் பிளாட்பாரம் பக்கம், அவர் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தோம். ஒரு வேகனிலிருந்து புகை வாடை வருகிறது சார் என்று ஓடிவந்தார். அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லி வண்டியை நிறுத்தினேன். பார்த்தால் வெறும் பிரேக் உரசல். பின்னால் வந்த எக்ஸ்பிரஸ் நாற்பது நிமிஷம் நின்றது. வண்டிகளை நடத்துகிற கண்ட்ரோல் ஆபீஸில் என்னைக் கிழித்துவிட்டார்கள். நான் வந்து அவரைக் கிழித்தேன். டிக்கெட் வாங்க நின்ற ஜனங்கள், டீ கொடுக்க வந்த பையன், எல்லாரும் பார்க்க, கண்ணு தெரியலேன்னா கண்ணாடி வாங்கிப் போடுய்யா என்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை. சரிங்க சார் என்றார். அதற்குப் பிறகு எதற்கும் சரிங்க சார்தான், எனக்கு அது வசதியாகக்கூட இருந்தது.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு சரக்கு வண்டி, ராத்திரி இரண்டு மணி. வண்டி போனதும் அவர் வந்து அறை வாசலில் நின்றார். "சார்..." என்றார். நான் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல் கையை உயர்த்தினேன். கொஞ்ச நேரம் நின்றிருப்பார் போல. நான் எழுதி முடித்து நிமிர்ந்தபோது வாசலில் ஆள் இல்லை. நானும் கூப்பிடவில்லை.

பத்து நிமிஷத்தில் அடுத்த ஸ்டேஷனிலிருந்து போன். ஹாட் ஆக்சில், அச்சு சூடேறிப் பொறி பறக்கிறது, அங்கே பார்த்து நிறுத்திவிட்டார்கள். வேகனைக் கழற்றிவிட்டு வண்டி போனது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அச்சு முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்கு நான் எழுதப் போவதில்லை.

விசாரணை நடந்தது. அவர் கவனிக்கவில்லை என்று சொன்னார். அப்படிச் சொல்வதற்கு முன்னால் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாயிண்ட்ஸ்மேன் என்னிடம் எதுவும் தெரிவிக்கவில்லை என்று என் வாக்குமூலத்தில் இருக்கிறது, என் கையெழுத்து. ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, பார். அவருக்கு ஒரு வருஷ இன்கிரிமென்ட் நின்றது. எனக்கு ஒன்றுமில்லை. நாலு மாதத்தில் அவரே எழுதிக்கொடுத்து வேறு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். சைக்கிள் மாமா ஏன் வரலை என்று நீ தினமும் கேட்டாய், டிரான்ஸ்பர் என்றேன். அதுவும் பொய்யில்லை. உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது, இந்தக் காகிதத்தை நீயே வைத்துக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்க நின்றபோது பின்னாலிருந்து "சார்" என்று ஒரு குரல். திரும்பாமலே தெரிந்துவிட்டது. முழுக்க நரைத்துவிட்டார், கண்ணாடி போட்டிருக்கிறார். "பாப்பா எப்படி இருக்கு சார்?" என்று கேட்டார். எனக்கு வந்ததே உற்சாகம். உன் வேலை, பெங்களூர் வீடு, நாற்பது பேர், குட்டியின் எல்கேஜி, எல்லாம் சொன்னேன். பத்து நிமிஷம் இருக்கும். அவர் கையில் சீட்டை வைத்துக்கொண்டு தலையாட்டிக் கேட்டார், உன் ஸ்கூல் பையில் மணி கட்டியிருந்ததுகூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குள் அவர் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது, அவர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவே இல்லை. எங்கே குடியிருக்கிறார், எதற்கு ஆஸ்பத்திரிக்கு வந்தார், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், ஒன்றும் தெரியாது. போன் நம்பர்கூட வாங்கவில்லை.

இந்தச் செவ்வாய் எனக்கு மாத்திரை இருக்கிறது, ஆனாலும் போகப்போகிறேன். அவர் வருவாரா தெரியவில்லை. பார்த்தால் உன்னிடம் போனில் பேசச் சொல்லட்டுமா? உனக்கு எத்தனை மணிக்கு மீட்டிங் இருக்காது என்று அம்மாவிடம் சொல்லிவை, அவள் என்னிடம் சொல்லிவிடுவாள்.

நார்த்தங்காய் ஜாடியை நேராக வை.

அன்புடன்,
அப்பா