ஊரணிக்கு மழைத்தண்ணி வர்ற வழியைத் திறந்து விடக் கேட்டு கலெக்டருக்கு ஒரு மனு

அனுப்புநர்:
ஊரணிக்கரைத் தெருக்காரங்க,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சிவகங்கை.

பொருள்: ஊரணி வரத்துக்காலை (மழைத்தண்ணி வர்ற வாய்க்காலை) அளந்து தூர் வாரிக் குடுக்கவும், புது ரோடு போடுறதுக்கு முன்னாடி பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்கவும் கேட்டுக்கிறது.

வணக்கம்ங்க. திங்கக்கிழமை குறைதீர் நாள்ல நேர்ல வந்து குடுக்கிற மனு இது, ரெண்டு நிமிசத்துல வாயால சொல்லி முடிக்க முடியாதுன்னுதான் விவரமா எழுதி எடுத்துட்டு வந்திருக்கோம், தயவுசெஞ்சு முழுசாப் படிங்க.

எங்க ஊருன்னா வெளியில எல்லாருக்கும் பணக்கார ஊருதான். பர்மாத் தேக்குத் தூணு, இத்தாலி மார்பிள், தெருவுக்கு இந்தப் பக்கம் முகப்பு அந்தப் பக்கத் தெருவுல பின்கட்டுன்னு நீளமான வீடுங்க, வெளிநாட்டுக்காரங்க கேமராவோட வர்றாங்க, சினிமா ஷூட்டிங் வேன் வருது. 2014ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல்லயும் செட்டிநாடு ஏறிடுச்சு. ஆனா அந்த வீட்டுக்காரங்க முக்காவாசிப் பேரு சென்னையிலயும் மலேசியாவுலயும் சிங்கப்பூர்லயும் இருக்காங்க, முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்துட்டுப் போவாங்க. வருசம் பூரா இங்கயே கிடந்து வாழுறது வீட்டைக் காவல் காக்கிறவங்க, சமையலுக்குப் போறவங்க, ஆத்தங்குடி கல்லுப் பட்டறையில வேலை பாக்கிறவங்க, கொத்தனாரு, டீக்கடை வச்சிருக்கவங்க, நாங்கதான். பெரிய வீடுங்க சிலது லாட்ஜா மாறுனதுல இருந்து வாடகையும் ஏறிப்போச்சு, மனு குடுக்கப் போனா "உங்க ஊருக்கு என்னம்மா குறை"ன்னு கேக்குறாங்க. குறை என்னன்னா தண்ணிங்க.

எங்கப்பா ஒரு பெரிய வீட்டுல வாட்ச்மேனா இருந்தவரு, இதை எழுதுற நான் வளர்ந்ததே அந்த வீட்டுப் பின்கட்டுல. மழை பேஞ்சா நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணியும் வளவு முற்றத்துல இறங்கும், அந்த வீட்டு ஆச்சி தூம்புக்கு அடியில பித்தளை அண்டாவை வைக்கச் சொல்லுவாங்க, முத மழையை விட்டுட்டு அடுத்த மழைத் தண்ணியைப் புடிச்சு வடிகட்டிக் குடிக்க வச்சுக்குவாங்க. மிச்சத் தண்ணி மூலையில இருக்கிற கல்லுத் துவாரம் வழியா வெளிய போயி தெருவோரக் கால்ல சேர்ந்து ஊரணிக்குப் போயிரும். ஊரணி நிறைஞ்சா சுத்துப்பட்டுக் கிணறெல்லாம் ஊறும், அதனாலதான் மேட்டாங்காடான இந்த வறண்ட சீமையில இத்தனை சனம் குடியிருக்க முடிஞ்சுச்சு. 2003லதான் அரசாங்கம் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு வேணும்னு கட்டாயமாக்குச்சு, இங்க அதுக்கு ரொம்ப முன்னாலயே ஊரையே அப்படிக் கட்டி வச்சிருக்காங்க.

ஏன் அப்படிக் கட்டுனாங்கன்னு ஆச்சி சொல்லுவாங்க. இந்தப் பெரிய வீடுகளைக் கட்டுன நகரத்தாரோட முன்னோருங்க காவிரிப்பூம்பட்டினத்துல கடல் ஓரமா பெரிய வியாபாரத்தோட வாழ்ந்தவங்களாம், கடல் உள்ள வந்து ஊரை அழிச்சதுனால இந்தப் பக்கம் வந்து குடியேறினாங்களாம், அந்தப் பயத்துலதான் கடலே தெரியாத இந்த இடத்துலயும் வீட்டை ஆள் உசரத்துக்கு மேடாக்கிப் படி வச்சுக் கட்டுனாங்களாம். வழிவழியா சொல்ற கதைதான், ஆனா அந்த உசரம் இன்னைக்கும் அவங்க வீடுகளைக் காப்பாத்துது. எங்க ஓட்டு வீடுங்க தெரு மட்டத்துலதான இருக்கு.

இப்ப என்ன ஆகுதுன்னா, தெருவுக்கு ரோடு போடுறப்பெல்லாம் பழசு மேலயே புதுசு போட்டுப் போட்டு ரோடு எங்க வாசப்படிக்கு மேல வந்துருச்சு. ஐப்பசி கார்த்திகையில ஒரு மணி நேரம் கனமழை பேஞ்சா போதும், தண்ணி வீட்டுக்குள்ள வந்துருது, அரிசி மூட்டையைக் கட்டில் மேல தூக்கி வச்சுட்டு வயசானவங்களைப் பெரிய வீட்டுத் திண்ணையில கொண்டுபோயி உக்கார வைக்கிறோம். அதே நேரத்துல ஊரணியில முழங்கால் தண்ணி கூட சேர மாட்டேங்குது, ஏன்னா வரத்துக்கால்ல பாதி தூரம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கு, மீதியில சிமெண்ட் போட்டு மூடி வண்டி நிறுத்துறாங்க. ஒரே மழையில எங்க வீடு முங்குது, ஊரணி காயுது. பங்குனி சித்திரையில குடத்தை எடுத்துக்கிட்டு லாரிக்கு நிக்கிறோம்.

ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் மேல புதுசு போடணும்னு 2021லயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டிருக்காங்க. எங்க தெருவுக்கும் இந்த வருசம் புது ரோடு வருதுங்கிறாங்க, ரொம்ப சந்தோசம், ஆனா உத்தரவுப்படி சுரண்டாமப் போடுறதா இருந்தா எங்களுக்கு அந்த ரோடே வேண்டாம்ங்க.

வரத்துக்காலை சர்வேயர் வச்சு புலப்படத்துல உள்ளபடி அளந்து ரெண்டு பக்கமும் கல்லு ஊனணும். கருவேலத்தை வேரோட எடுக்கணும், வெட்டி மட்டும் விட்டா அடுத்த மழைக்கே துளுத்துரும். இதுல ரொம்ப முக்கியமா இன்னொன்னு இருக்கு. லாட்ஜு சமையக்கட்டுக் கழிவுத்தண்ணியும் சில வீட்டு சாக்கடையும் இப்ப மழைத்தண்ணி போற கால்லதான் விழுது, அதைத் தனியாப் பிரிச்சு விடாம காலை மட்டும் தூர் வாருனா சாக்கடை நேரா ஊரணிக்குப் போயிரும், அதுக்கு இப்ப இருக்கிறதே தேவலாம். அதனால முதல்ல கழிவுத்தண்ணி, அப்புறம் கால், கடைசியா ஊரணி, இந்த வரிசையில செஞ்சு குடுங்க. யாரு பொழப்பையும் கெடுக்கச் சொல்லலை, லாட்ஜுலயும் எங்க புள்ளைங்கதான் வேலை பாக்குது.

பணம் இல்லைன்னு சொல்லிராதீங்க. நமக்கு நாமே திட்டத்துல மக்கள் பங்கு கட்டினா அரசாங்கம் மீதியைப் போடும்னு சொல்றாங்க, வெளிநாட்டுல இருக்கிற வீட்டுக்காரங்க சிலர்கிட்ட போன்ல பேசிட்டோம், எஸ்டிமேட் வந்தா பங்கு தர்றோம்னு சொல்லியிருக்காங்க. அவங்க தாத்தாமாரு வெட்டுன ஊரணிதான அது. தெருவுல ஆளுக்கு ஒருநாள் வேலைக்கு வரவும் நாங்க தயார்.

ஐப்பசி பொறக்கிறதுக்குள்ள ஒரு தடவை நீங்களோ, கோட்டாட்சியரோ, பொறியாளரைக் கூட்டிக்கிட்டு வந்து பாருங்க. மழை பேஞ்ச மறுநாள் வந்தா இன்னும் நல்லது, எங்க சுவத்துல தண்ணி ஏறுன கோடு எதுவரைக்கும்னு நாங்க சொல்ல வேண்டியதே இருக்காது. எந்தத் தேதியில அளக்க வருவாங்கன்னு எழுத்துல ஒரு பதில் குடுங்க, அன்னைக்கு யாரும் வேலைக்குப் போகாம தெருவுல நிக்கிறோம்.

இப்படிக்கு,
ஊரணிக்கரைத் தெருக்காரங்க

இணைப்பு: தெருக்காரங்க கையெழுத்து, போன மழையில எடுத்த போட்டோ, வரத்துக்கால் போற வழியைக் கையால வரைஞ்ச படம்.