உளநல ஆலோசகர்கள் தமக்காகவும் பேச வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2018 நவம்பரில் வீசிய கஜா புயலில், பிள்ளையைப் போல் வளர்த்த தென்னைகளை ஒரே இரவில் இழந்த பட்டுக்கோட்டை, பேராவூரணி விவசாயிகளுக்கு, நிவாரணத் தொகையோடு மனத்தைத் தேற்றும் முறையான ஆலோசனையும் தேவைப்பட்டது என்பதை டெல்டாவில் எவரும் மறுக்கமாட்டார்கள். அந்த ஆலோசனையைத் தொழிலாகக் கொண்டவர்களின் நிலைதான் பலருக்குத் தெரிவதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலத் தொழில்முறையாளர்கள் என்ற வரையறையில் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. ஆலோசகர்களைத் தனியே குறிப்பிடவில்லை. துணைநிலை சுகாதாரத் தொழில்களுக்காக 2021-இல் இயற்றப்பட்ட தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் ஆலோசகர்களும் இடம்பெற்றிருப்பது நல்ல தொடக்கமே. ஆயினும், தொழில் உரிமைக்காகக் குரல் கொடுப்பது சேவைக்கு இழுக்கு என்று அவர்களுள் சிலர் தயங்குகின்றனர். அத்தயக்கம் மதிக்கத்தக்கதுதான், ஆனால், அவர்கள் மௌனமாக இருக்கும்வரை தகுதியற்றவர்களும் ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொள்ள, நம்பி வருபவர்களே பாதிக்கப்படுகிறார்கள். ஆகவே, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆலோசகர்கள் ஒன்றுகூடி, முறையான பதிவேடும் அரசுப் பள்ளிகளில் நிரந்தரப் பணியிடங்களும் கோரி, தத்தம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் மனு அளிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பட்டுக்கோட்டை