லொகேஷனை மட்டும் அனுப்பி மலைக்கு அழைக்காதீர்கள்

ஞாயிறுதோறும் சேலத்திலிருந்து சேர்வராயன் மலைக்கு நடைக்குழுக்களைக் கூட்டிச்செல்லும் ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

"காலை 6 மணி, இந்த இடத்துக்கு வந்துடுங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு லொகேஷனைப் போட்டுவிட்டால் வழி சொன்னதாக ஆகிவிடாது. ஐந்து ரோட்டுக்கு வரச்சொல்ல அது போதும். மலையில், போய்ச்சேர வேண்டிய இடத்தை மட்டுமே அது காட்டும், போகும் தடத்தைக் காட்டாது. பிந்தி வருபவரின் திரையில் 'இன்னும் 400 மீட்டர்' என்று நேர்கோட்டுக் கணக்கு தெரியும். அந்த 400 மீட்டருக்குள் 200 மீட்டர் இறக்கமும் ஓர் ஓடையும் இருக்கலாம். அதை நம்பிக் காபித் தோட்டத்துக்குள் குறுக்கே இறங்குபவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

அதனால் லொகேஷனோடு, நடந்த வழி முழுவதையும் கோடாகக் காட்டும் ஜிபிஎக்ஸ் தடக்கோப்பையும் அனுப்புங்கள். ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் என்ற வரைபடச் செயலிகள் இரண்டிலும் அது திறக்கும். கூகுள் மேப்ஸில் வரைபடத்தை இறக்கி வைத்தாலும், நெட் இல்லாதபோது நடைவழி சொல்லாது. முதல்நாள் இரவே ஒவ்வொருவரும் அந்தச் செயலிகளில் ஒன்றில் வரைபடத்தை இறக்கி, மொபைலை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஒத்தையடிப் பாதை தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கட்டும். பாதைகள் தெரிந்தால்தான் வரைபடம் முழுதாக இறங்கியிருக்கிறது.

தடக்கோப்பு யாரோ எப்போதோ நடந்ததன் பதிவுதான். அன்று திறந்திருந்த எஸ்டேட் கேட் இன்று பூட்டியிருக்கலாம். காப்புக்காட்டுக்குள் புகும் தடமாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் அதைப் பகிரவே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை மலையேறும் யாரும் மறந்திருக்க முடியாது. சமீபத்தில் நீங்களே நடந்த தடத்தை அனுப்புங்கள். பாதை பிரியும் இடங்கள், ஓடை கடக்கும் இடம், கடைசி பஸ் நிற்கும் இடம் ஆகியவற்றை அதில் குறித்துக்கொடுங்கள்.

மேலே டவர் கிடைக்காவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேராக வருகிறது, அதற்கு டவர் தேவையில்லை. நெட் இருந்தால் இடம் சீக்கிரம் பிடிபடும், அவ்வளவுதான். நெட் இல்லாதபோது ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தைச் சொல்லி முடிக்க 30 விநாடி ஆகும். குறைந்தது நான்கின் விவரமாவது கிடைக்க வேண்டும். சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் நடந்துகொண்டே இருந்தால் சிக்னல் நடுவில் அறுந்து, விட்ட பகுதிக்காக மறுபடி காத்திருக்க நேரும். அதனால் ஏற்காடு அடிவாரத்திலேயே, திறந்த வானத்தின் கீழே, டேட்டாவை ஆன் செய்து ஐந்து நிமிடம் நின்று இடத்தைப் பிடித்துவிட்டு ஏறத்தொடங்குங்கள்.

நீலப் புள்ளியைச் சுற்றியுள்ள வட்டத்தையும் கவனியுங்கள். ஆண்ட்ராய்டு கணக்கில் நீங்கள் அந்த வட்டத்துக்குள் இருக்கும் வாய்ப்பு 68 சதவீதம்தான். மூன்றில் ஒரு தடவை வெளியே இருப்பீர்கள். பாதை பிரியும் இடத்தில் வட்டம் பெரிதாக இருந்தால் நடக்காதீர்கள், வெட்டவெளிக்கு வந்து அது சுருங்கும்வரை நில்லுங்கள்.

தடத்தைப் பதிவு செய்பவருக்கு அடிக்கடி நேரும் கோளாறு ஒன்று. வளைந்து வளைந்து வந்த கோடு திடீரென்று ஒரு கிலோமீட்டருக்கு ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல நேராக இருக்கும். திரை அணைந்ததும் பேட்டரியை மிச்சம் பிடிக்க மொபைலே செயலியை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பேட்டரி பகுதிக்குப் போய்க் கட்டுப்பாட்டை நீக்குங்கள். சார்ஜை அதிகம் தின்பவை திரையும், டவரைத் தேடிக்கொண்டே இருக்கும் வேலையும்தான். ஏரோபிளேன் மோடில் லொகேஷனை மட்டும் ஆனில் வைத்தால் நாள் முழுக்கத் தாங்கும். குழுவில் ஒருவரின் போன் மட்டும் அழைப்புக்குத் திறந்திருக்கட்டும்.

உயரத்தில் ஒரு குழப்பம் உண்டு. ஜிபிஎஸ் தன் கணக்குக்கு வைத்திருக்கும் பூமி வடிவத்தைவிட நம் பகுதியில் கடல்மட்டம் ஏறத்தாழ 90 மீட்டர் தாழ்வாக இருக்கிறது. இதைத் திருத்தாத செயலி 1,515 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டை 1,425 என்று காட்டும். இரண்டு பேரின் போன் இப்படி வேறுபட்டால், மேலே ஏற வேண்டுமா கீழே இறங்க வேண்டுமா என்று வீண் வாக்குவாதம்தான் வரும்.

கஞ்சமலைக்குப் போகும் குழுக்கள் திசைகாட்டியை முழுக்க நம்ப வேண்டாம். அங்குள்ள காந்த இரும்புக்கல் முள்ளைத் திருப்பிவிடும். காந்தம் வைத்த மொபைல் உறையும் அதையே செய்யும்.

ஆபத்தில் 112-க்கு அழைக்கும்போது, இடத்தின் ஆயத்தொலைவுகளை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) எண் எண்ணாகச் சொல்ல வேண்டும். புள்ளிக்குப்பின் நான்கு இலக்கம் போதும், 11 மீட்டருக்குள் வந்துவிடும். ஆனால் ஒரு பாகைக்கு 60 கலை; 11 பாகை 47 கலை என்பதை '11 புள்ளி 47' என்று சொல்லிவிட்டால் மீட்க வருபவர்கள் 35 கிலோமீட்டர் தெற்கே ராசிபுரம் பக்கம் போய் நிற்பார்கள். அடிவாரத்தில் ஏறத்தொடங்கும் முன் எல்லோரும் தங்கள் எண்ணை வாய்விட்டுப் படிக்கட்டும். யாருடையது ஒத்துவரவில்லையோ, அவர் போனில் ஆயத்தொலைவைப் புள்ளி எண்ணாகக் காட்டும்படி அமைப்பை அங்கேயே மாற்றிக்கொடுத்துவிட்டு ஏறுங்கள்.

இப்படிக்கு,
சேர்வராயன் மலைத் தடங்களை அளந்து வரைபடமாக்கும் சேலத்துக்காரர்கள் சிலர்