குறத்தி வசனம் பாக்கி இருக்கிறது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் தம்பியும் சுகம். தம்பி போனில் கேட்டால் "இருக்கேன்" என்று மட்டும் சொல்கிறாயாம். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? கடைச் சாப்பாட்டை நம்பாதே. ஒரு பிடி அரிசியும் கொஞ்சம் பருப்பும் போட்டால் போதும்.

மஸ்கெலியாவில் பகலெல்லாம் வெயில், விடியற்காலையில் பல் கிட்டுகிறது. சிவனொளிபாதமலை சீசன், நல்லதண்ணி பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மவுசாகலை அணையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது. இன்னும் கொஞ்சம் வற்றினால், உள்ளே மூழ்கிக் கிடக்கிற பழைய டவுன் கோயில் தலைகாட்டும்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் கூத்துக்குக் கம்பம் நடுகிறோம். பௌர்ணமி ராத்திரி தகனம். கூத்து வாத்தியார் இந்த வருசமும் நான்தான், வேறு யாரும் முன்வரவில்லை. ரதி வேசம் மேட்டு லயத்துப் பையனுக்கு. நல்ல குரல், ஆனால் புலம்ப வேண்டிய இடத்தில் சினிமாப் பாட்டு மாதிரி இழுக்கிறான்.

ரதி புலம்பலை உன்னிடம் கேட்கப்போகிறேன் என்று நினைத்துவிடாதே. அது நோட்டில் இருக்கிறது. நோட்டை அம்மா எங்கோ ஒளித்துவிட்டாள், அது வேறு கதை. எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே. போன வருசம், காமன் இனி ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்று சிவன் வரம் கொடுக்கிற இடத்தில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பனி என்று சொல்லிச் சமாளித்தேன். தப்படிக்கிறவர்கள் அந்த இடத்தை அடித்தே நிரப்பினார்கள்.

எனக்கு வேண்டியது குறத்தி வசனம். குறி சொல்ல வந்து தோட்டத்துத் துரை கையையும் பார்க்கிறாளே, அந்த இடம். பழைய வசனத்துக்கு இப்போது ஒருவரும் சிரிப்பதில்லை. பத்தாம் வகுப்பு படிக்கும்போது நீ எழுதித் தந்ததுதான் இன்றைக்கும் ஓடுகிறது. அதில் வரும் கங்காணியும் இல்லை, அந்த விலைவாசியும் இல்லை. ராத்திரி முழுக்க முழித்திருக்கிற சனத்துக்கு ஒரு தடவையாவது வயிறு வலிக்கச் சிரிப்பு வர வேண்டாமா? நாலு வரி போதும். ரெண்டு வரி என்றாலும் சரி.

உன் கவிதை வீரகேசரியில் வந்த அன்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் பேப்பர் கைமாறிக் கைமாறிக் கசங்கிப்போனது. கணக்கப்பிள்ளை தப்பும் தவறுமாக வாசித்தார், நான் குறுக்கே விழுந்து திருத்தினேன். சி.வி. வேலுப்பிள்ளை ஐயா தோட்டத்துப் பாட்டையெல்லாம் திரட்டி 1983இல் போட்ட புத்தகத்தை எங்கிருந்தோ தேடிப் பிடித்து வந்ததும் நீதான். அப்பாயி கொழுந்து மலையில் பாடினதை ஏன் ஒரு வரி கூட எழுதிவைக்கவில்லை என்று என்னைப் பிடித்து உலுக்கினாய். எழுதாமல் விட்டால் போனது போனதுதான் அப்பா என்றாய். அப்படிச் சொன்ன பிள்ளை நீ.

சரி, விடு. திட்டுவதற்கு எழுதவில்லை. இப்போது வேலைக்குப் போய் வருவதே பெரிது என்று தம்பி சொல்கிறான். அவன் சொன்னால் சரிதான். அந்தக் கார்த்திகைக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் பழைய ஆள் இல்லை. மருமகன் வைத்த கொய்யாவில் பிஞ்சு பிடித்திருக்கிறது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் சொல்கிறேன்.

வசனம் வரவில்லையென்றால் கொழும்பில் தேங்காய் என்ன விலை, பஸ்ஸுக்கு எவ்வளவு, உன் ஆபீசில் யார் யாரைப் பற்றி என்ன கோள் சொல்கிறார்கள், அதையாவது எழுது. குறத்தி வாயில் நான் போட்டுக்கொள்கிறேன். ஆனால் என் பகிடி உனக்குத் தெரியுமே, கூட்டம் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போய்விடும்.

பேப்பரில் எழுதிப் படம் பிடித்து தம்பி போனுக்கு அனுப்பு. பேசி அனுப்பாதே, பையன் எழுத்தைப் பார்த்தால்தான் பாடம் பண்ணுவான். ராத்திரி முழிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா

கூத்து வசனம் கேட்டு எழுதியது அம்மாவுக்குத் தெரியாது. போனில் உளறிவிடாதே.