பெருங்குடல் புற்றுநோயும் மலத்தில் தெரியும் பாக்டீரியாவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடல் பாக்டீரியாக்களைக் கொண்டு பெருங்குடல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் முயற்சி குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால், கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலனோஸ்கோபிக்கு இனி தேவையே இராது என்ற எண்ணத்தை அது வாசகர்களிடம் ஏற்படுத்திவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பாக்டீரியாவை வைத்து இந்நோயைச் சந்தேகிப்பது மருத்துவத்துக்குப் புதிதன்று. இதய வால்வில் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ்' தொற்று கண்டவர்களுக்குப் பெருங்குடலையும் சோதித்துப் பார்க்கும் வழக்கம் 1970களிலிருந்தே வேரூன்றிவிட்டது. வழக்கமாக வாயில் வாழும் 'ஃபுசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம்' பெருங்குடல் கட்டிகளில் மிகுந்து காணப்படுவதை 2012இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. பல நாட்டு நோயாளிகளின் மல மாதிரித் தரவுகளை ஒன்றுதிரட்டி 2019இல் வெளியான ஆய்வுகள், உணவும் வாழ்முறையும் வேறுபட்டபோதிலும் குறிப்பிட்ட சில பாக்டீரியாக்கள் இந்நோயாளிகளிடம் திரும்பத் திரும்ப மிகுந்திருப்பதைக் காட்டின. இது உண்மையிலேயே நம்பிக்கை தரும் செய்தி.

இருப்பினும், இந்த நோய் பெரும்பாலும் பாலிப் எனப்படும் சிறு வளர்ச்சியாகத் தொடங்கி, புற்றாக மாறப் பத்தாண்டுகள் வரைகூட எடுத்துக்கொள்வதால், அந்த இடைவெளியில் பாலிப்பைப் பிடித்து அகற்றுவதுதான் உயிர்காக்கும் வழி. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடும் இப்போதைய பரிசோதனை, இரத்தம் கசியாத பாலிப்புகளைப் பெரும்பாலும் தவறவிடுகிறது. அந்தக் குறையைப் பாக்டீரியா தீர்க்கும் என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் முற்றிய கட்டியில் தெளிவாகத் தெரியும் பாக்டீரியா மாற்றம், பாலிப் நிலையில் மங்கலாகவே தெரிகிறது. போதாக்குறைக்கு, ஆன்டிபயாடிக் மருந்தும் உணவு மாற்றமும் குடல் பாக்டீரியாக்களின் விகிதத்தையே மாற்றிவிடுகின்றன. நலமாக இருப்பவர் குடலிலும் இதே பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும்.

எனவே, இப்போதைய நிலையில் பாக்டீரியாப் பரிசோதனையை இரத்தம் தேடும் பரிசோதனைக்கு மாற்றாகக் கருதாமல், அதனோடு சேர்த்துச் செய்வதே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. எவருக்குக் கொலனோஸ்கோபி உடனே தேவை என்பதைத் தெரிந்துகொள்ள அது உதவலாம். பாலிப்பை நேரில் கண்டு அப்போதே அகற்றுவது எந்த மலப் பரிசோதனையாலும் ஆகாது.

மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, வாரக்கணக்கில் நீடிக்கும் மலப்போக்கு மாற்றம் ஆகிய அறிகுறிகள் உள்ளவர்கள் எந்தப் புதிய பரிசோதனைக்காகவும் காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை அடுத்த இதழிலேயே தெளிவாக வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்